இடுப்பளவு மாறாதவர்கள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெரு ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். முன்பாதியில் நான் பேன்ட், சட்டை தைக்கிறேன். பின்பாதியில் என் மனைவி ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறார். எங்கள் இருவரிடமும் பழைய அளவு நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. ஒருவர் தன் கல்யாணத்துக்குத் தைக்க வந்தபோது குறித்த அளவும் இருக்கும், தன் மகளின் கல்யாணத்துக்குத் தைக்க வந்தபோது குறித்த அளவும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு எண் ஏறிக்கொண்டே போகிறது: 30, 32, 34, 38. சிலருக்கு மட்டும் ஏறுவதே இல்லை. முடி நரைத்து, கண்ணாடி போட்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதே 31, அதே 32.

அந்தச் சிலரைத்தான் நான் விடாமல் கேட்டு வந்திருக்கிறேன். என்ன சாப்பிடுவீர்கள், கடைக்கு எப்படி வந்தீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று டேப்பைச் சுற்றியபடியே கேட்பேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தபால்காரர், நகைக்கடைக் கணக்கர், பேருந்து நடத்துநர்கள், வீட்டோடு இருக்கும் பெண்கள் என்று பல தரப்பட்டவர்கள். அவர்களில் யாரும் டயட் என்று பெயர் வைத்து எதையும் செய்தவர்கள் இல்லை. பட்டினி கிடந்தவர்கள் இல்லை, பிரியாணியை வெறுத்தவர்களும் இல்லை. அவர்களுடைய நாள் ஒரு விதமாக அமைந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு. கால்களுக்கு வேலை உண்டு. உடம்பில் வரும் சிறு மாற்றம் சீக்கிரம் கண்ணில் படும். இந்த மூன்றும் பழகிக்கொள்ளக் கூடியவை, எந்த வீட்டிலும் கொண்டுவரக் கூடியவை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதை இப்போது சொல்ல வேண்டிய அவசரம் இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு 2015-16இல் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அடுத்த ஆய்வு 2019-21இல் வந்தபோது அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2ஆக இருந்தது 37ஆக உயர்ந்தது. நாடு முழுவதற்குமான சராசரியைப் பெண்களில் எடுத்துக்கொண்டால் 24 சதவீதம்தான். ஒரு தலைமுறைகூட ஆகவில்லை, ஐந்தாறு ஆண்டுகளில் நடந்திருக்கிறது இந்த மாற்றம். எங்கள் நோட்டில் நாங்கள் பார்த்ததும் இதுவேதான்.

பேன்ட் சைஸ் சொல்லாத கணக்கு

"எனக்குப் பதினைந்து வருஷமா 34தாண்ணே" என்று சொல்லும் ஆண்கள் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. பேன்ட் இடுப்பு 34தான். ஆனால் பேன்டைக் கட்டும் இடம் இறங்கிவிட்டது. தொப்பை வர வர, பெல்ட் அதற்குக் கீழே போய்விடும். அங்கே எலும்பின் அளவு அதிகம் மாறாது. சட்டைக்கு அளவெடுக்கும்போதுதான் உண்மை தெரியும். சட்டைக்கு மார்பையும் எடுப்போம், வயிற்றையும் எடுப்போம். வாலிபத்தில் மார்பைவிட வயிறு நான்கைந்து அங்குலம் குறைவாக இருக்கும். பிறகு இரண்டும் சமமாகும். ஒரு கட்டத்தில் வயிறு முந்திவிடும். பேன்ட் அளவை நம்பியிருப்பவருக்கு இது எதுவும் தெரிவதில்லை.

மருத்துவர்கள் சொல்லும் இடுப்பளவு, பேன்ட் கட்டும் இடத்தில் எடுப்பது அன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் எடுக்க வேண்டும். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. எங்கள் கணக்கில் சொன்னால் ஆண்களுக்கு முப்பத்தைந்தரை அங்குலம், பெண்களுக்கு முப்பத்தொன்றரை அங்குலம்.

நமக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கணக்கு? புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு அதை விளக்கினார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும் நம் ஊர் உடம்பின் ஆபத்து இதில் இருக்கிறது. ஒல்லியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் டேப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சீருடை சொன்ன செய்தி

கடை தொடங்கிய காலத்திலிருந்து போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்குக் காக்கி தைத்து வருகிறேன். ஓட்டுநர்களின் பேன்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரித்துத் துணி விட வேண்டியிருக்கும். நடத்துநர்களுக்கு அந்த வேலை குறைவு. இதைப் பற்றி, செவிலியராக இருக்கும் என் மகளிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். "அப்பா, இதை லண்டன்ல எப்பவோ ஆராய்ச்சியே பண்ணிட்டாங்க" என்று அவள் சொன்னது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் அவர் எழுதினார். 1956இல் அவர் தேடிப் போனது சீருடை தைத்த அளவுப் பதிவேடுகளை. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு எல்லா வயதிலும் நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. வேலையில் புதிதாக இருக்கும் இளம் வயதினரிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. ஆகவே எல்லாவற்றையும் வேலையின் கணக்கில் எழுதிவிட முடியாது, உடல்வாகுக்கும் பங்கு உண்டு. ஆனால் உடற்பயிற்சி என்ற பெயரில் இல்லாமல், வேலைக்குள்ளேயே கலந்திருக்கும் நடைக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பதை உலகம் முதலில் கற்றது அந்தப் பேருந்துகளில்தான்.

சாப்பாட்டுக்கு ஒரு முடிவு

அளவு மாறாதவர்களிடம் நான் கண்ட முதல் பழக்கம், அவர்கள் போதும் என்று சொல்லும் இடம். வயிறு முட்டிய பிறகு அவர்கள் நிறுத்துவதில்லை. இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்ற நிலையிலேயே எழுந்துவிடுகிறார்கள். இதில் புதிதாக எதுவும் இல்லை. திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரமே பெரும்பகுதி சாப்பாட்டின் அளவையும் நேரத்தையும் பற்றித்தான் பேசுகிறது. நம் முன்னோர் அறிந்திருந்ததை நம் பந்தி மறந்துவிட்டது.

நம் சாப்பாட்டின் அமைப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். குழம்புக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொன்றும் புதிதாகச் சோறு கேட்கும். கூட்டும் பொரியலும் ஓரத்தில் ஒரு கரண்டி. அந்தத் தலைமையாசிரியை இதை எப்படி மாற்றிக்கொண்டார் என்று கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது, அவ்வளவு எளிது. சோறு ஒருமுறைதான் போட்டுக்கொள்வார், குழம்புக்கு மட்டும். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். மோரை நீர்மோராகக் கரைத்துக் குடிப்பார். மூன்றும் உண்டு, ருசி எதுவும் குறையவில்லை, இரண்டு தடவைச் சோறு மட்டும் இல்லை. பொரியல் சோற்றளவுக்குத் தட்டில் இருக்கும். அதைத்தான் முதலில் சாப்பிடத் தொடங்குவார்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கும் இதற்கு ஒத்துப் போகிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்துச் சமைக்காத அளவில் 250 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். நம் வீடுகளில் தலைகீழாக இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் வைக்கிறோம், சோறு வேண்டுமட்டும் வடிக்கிறோம். ஒருவருக்குக் கிடைக்கும் காய் அறுபது கிராம். காய் விலை ஏறும்போது ஏழை வீட்டில் முதலில் குறைவதும் அதுதான், இதை நான் மறுக்கவில்லை. ஆனால் முருங்கைக்கீரையும் சுரைக்காயும் பூசணியும் இன்னும் எட்டாத விலைக்குப் போய்விடவில்லை. காயை அதிகப்படுத்த மனம் வேண்டும், நறுக்க இன்னும் இரண்டு கைகள் வேண்டும். அந்த இரண்டு கைகள் வீட்டு ஆண்களுடையதாக இருக்கட்டும்.

அடுத்தது மிச்சம். என் மனைவியிடம் தைக்க வரும் தாய்மார்களில் பலர் சொல்வது இதுதான்: "நான் சாப்பிடுறதே கம்மிக்கா, ஆனா உடம்பு மட்டும் ஏறுது." மெல்லக் கேட்டால் வரும். பிள்ளை வைத்த பாதி இட்லி, கணவர் மிச்சம் வைத்த சோறு, சட்டியில் ஒட்டியிருக்கும் உப்புமா. எதையும் வீணாக்கக் கூடாது என்று நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வது அவர்கள் கணக்கில் சாப்பாடாகச் சேர்வதில்லை. தியாகமாகவே சேர்கிறது. அளவு மாறாத பெண்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அவர்கள் உழக்கால் அளந்து சமைக்கிறார்கள். பிள்ளை தட்டில் முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைக்கிறார்கள். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழைய சோறாக, அதையே காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். காலை இட்லிக்கு மேல் அதுவும் என்று ஆவதில்லை. உணவை வீணாக்காத நல்ல குணத்தை அடுப்பு ஏற்றும்போதே காட்டிவிட்டால் உடம்பு அந்தச் சுமையை ஏற்க வேண்டியதில்லை.

இன்னொன்று, சாப்பாடுகளுக்கு நடுவே வரும் சாப்பாடு. எங்கள் தெரு முனை டீக்கடையில் ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு ஐந்து கிராம் என்று வைத்தாலும் நாளைக்கு நான்கு டீ குடிப்பவருக்கு 40 கிராம். ஊட்டச்சத்து நிறுவனம் நாள் முழுவதற்குமே 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. நான்கு மணிக்கு அதோடு இரண்டு பஜ்ஜியோ ஒரு வடையோ சேர்ந்தால் அது தனியாக ஒரு வேளை சாப்பாடு. அளவு மாறாதவர்கள் டீயை விட்டவர்கள் இல்லை. "சர்க்கரை கம்மி மாஸ்டர்" என்று சொல்லிப் பழகியவர்கள். வடையை என்றைக்காவது நினைத்துச் சாப்பிடுபவர்கள், டீயோடு சேர்ந்தே வரும் பழக்கமாக வைத்துக்கொள்ளாதவர்கள்.

பாக்கெட் பலகாரம் இன்னும் கடினமான எதிரி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகவும் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் வீட்டில் சமைப்பதைப் போன்ற உணவையும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு குறைந்தது. மன உறுதி அந்த மனிதர்களிடம் வாரத்துக்கு வாரம் மாறவில்லை, உணவுதான் மாறியது. எனவே பிஸ்கட்டையும் சிப்ஸையும் வீட்டில் வாங்கி வைத்துவிட்டு, பிள்ளைகளைத் திட்டுவதில் நியாயம் இல்லை. வாங்காத வீட்டில் சிறுமலை வாழைப்பழம் தொங்கும், பசித்தால் பிள்ளை அதைப் பிய்த்துத் தின்னும்.

விருந்தும் மனப்பாங்கும்

விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் அன்பெல்லாம் இலையில்தான் இருக்கிறது. "இன்னும் ஒரு கரண்டி, எனக்காக" என்று பரிமாறுபவரை மறுக்க முடியாமல் சாப்பிட்டே உடம்பு ஏறியவர்கள் உண்டு. ஒரு நாள் விருந்தால் யாரும் பருப்பதில்லை. விருந்து முடிந்து வீட்டுக்கு வந்த லட்டும் அதிரசமும் முறுக்கும் ஒரு வாரம் டப்பாவில் இருப்பதால்தான் பருக்கிறோம். தபால்காரர் கல்யாண வீட்டில் பாயசம் வரை ரசித்துச் சாப்பிடுவார். அன்று ராத்திரி அவருக்கு மோர் மட்டும்தான். மறுநாள் வழக்கம்போல. பட்சணப் பையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

இதில் நான் மதிப்பது அவருடைய மனத்தை. அவர் சாப்பிட்டதற்காகத் தன்னை நொந்துகொள்வதில்லை. டயட் இருப்பவர்கள் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டால் "இன்னைக்குக் கெட்டுப்போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அன்று முழுக்கச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளை திங்கட்கிழமைக்குப் போகும், திங்கட்கிழமை தைப்பொங்கலுக்குப் போகும். அளவு மாறாதவர்களுக்கு நாளை என்பதில்லை, அடுத்த வேளைதான். எது நடந்தாலும் அடுத்த வேளை வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பரிமாறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. போதும் என்று ஒருவர் கை காட்டினால் அதை நம்புங்கள். மறுத்தவரை வற்புறுத்துவது மரியாதை என்ற எண்ணம், சோறு அரிதாக இருந்த காலத்தில் வந்தது. அன்று கூச்சத்தால் பசியை மறைத்தவர்கள் இருந்தார்கள், வற்புறுத்தியது கருணை. இன்று எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம்.

கால்களுக்கு வேலை

ஜிம்முக்குப் போகிறவர்கள் எங்கள் கடைக்கும் வருகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அளவு மாறாதவர்களில் பெரும்பாலானோர் ஜிம்மை எட்டிப் பார்க்காதவர்கள். அவர்கள் கடைக்கு நடந்து வருகிறார்கள். பால் வாங்க, காய் வாங்க, கோயிலுக்கு, ரேஷன் கடைக்கு என்று நாளுக்கு நான்கைந்து முறை தெருவில் இறங்குகிறார்கள். கணக்கர் நாற்காலியில் உட்காரும் வேலைதான் பார்க்கிறார், ஆனால் ஒரு பில் கேட்டால் பையனை அனுப்பாமல் தானே எழுந்து போய் எடுப்பார். தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் அவர்களில் அதிகம். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவதே ஒரு பயிற்சி.

இந்தச் சிறு அசைவுகளின் கூட்டுத்தொகை எவ்வளவு என்பதை அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் லெவின் 1999இல் அளந்து காட்டினார். 16 பேருக்கு எட்டு வாரங்கள், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு அதிகச் சாப்பாடு. ஆனால் ஒருவர் உடம்பில் கூடிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவர் உடம்பில் 4.23 கிலோ. உடற்பயிற்சி யாரும் கூடுதலாகச் செய்யவில்லை. நிற்பது, எழுவது, நடப்பது, சும்மா இராமல் அசைந்துகொண்டிருப்பது, இவற்றில்தான் அவர்கள் வேறுபட்டார்கள். சிலருக்கு இந்தத் துறுதுறுப்பு பிறவியிலேயே வருகிறது. மற்றவர்கள் அதை வீட்டு ஏற்பாட்டால் வரவழைக்க வேண்டும். அரை கிலோமீட்டர் தூரத்துக்கு வண்டி எடுப்பதில்லை என்று ஒரு வீடு முடிவெடுத்தால் அதுவே பெரிய தொடக்கம்.

இங்கே வீட்டை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் இல்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல செயல். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை போதாது. ஒருவரின் இடுப்பைக் காப்பது அவர் வீட்டிலிருந்து காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகும் பாதைதான். நம் ஊர்களில் அந்தப் பாதையில் நடைமேடை இல்லை, இருந்தால் அதன்மேல் வண்டிகள் நிற்கின்றன, இருட்டினால் விளக்கில்லை. ஒரு பெண் மாலை ஏழு மணிக்கு மேல் அச்சமின்றித் தெருவில் நடக்க முடியாத ஊரில், "வாக்கிங் போங்கம்மா" என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பதில் பாதிப் பொறுப்பு உள்ளாட்சிக்கு உண்டு. வார்டு உறுப்பினரிடம் தெருவிளக்கும் நடைமேடையும் கேட்பது உடல்நலக் கோரிக்கைதான் என்று நாம் உணர வேண்டும்.

கண்ணில் படும் மாற்றம்

மூன்றாவது பழக்கத்தைத் தையல்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. ரவிக்கை தைக்கும்போது பக்கவாட்டில் மூன்று நான்கு தையல்களை அடுத்தடுத்துப் போட்டு உள்ளே துணி விடுவது வழக்கம். உடம்பு கூடினால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். பேன்டின் பின்பக்கத்திலும் அதேபோல் துணி விடுவோம். தைக்கக் கொடுக்கும்போதே "ரெண்டு இன்ச் லூஸா வைங்கண்ணே, பின்னாடி ஆகும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஆகிறது. "அளவாத் தைங்க, இறுக்கமாச்சுன்னா நானே பார்த்துக்கிறேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். அளவு மாறாதவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அவர்களுக்கு ஹூக் இறுகினால் அதுவே செய்தி. இரண்டு வாரம் ராத்திரிச் சோற்றைக் குறைப்பார்கள், கொஞ்சம் கூட நடப்பார்கள், ஹூக் பழையபடி விழும். ஒரு கிலோவில் சரிசெய்வதால் பத்து கிலோ அவர்களைத் தேடி வருவதில்லை.

இன்று அந்தச் செய்தியைச் சொல்லும் உடைகளே வீட்டில் குறைந்துவிட்டன. பெண்கள் நாள் முழுக்க நைட்டியில் இருக்கிறார்கள். ஆண்கள் லுங்கியிலும் எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்டிலும் இருக்கிறார்கள். பாவாடை நாடாவும் உடம்போடு சேர்ந்து தளர்ந்து கொடுக்கும். வசதியான உடைகள் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை, வெயிலில் வேலை செய்யும் பெண்ணுக்கு நைட்டி பெரிய நிம்மதி. ஆனால் மாதத்துக்கு ஒரு முறையாவது அளவாகத் தைத்த ஒரு ரவிக்கையையோ பேன்டையோ போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 1994 முதல், 13.6 கிலோவுக்கு மேல் எடை குறைத்து ஓராண்டுக்கு மேல் அதைக் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். எடை மேடை இல்லாத வீட்டில் ஒரு பழைய ரவிக்கை அந்த வேலையைச் செய்யும்.

தூக்கத்தையும் இதோடு சேர்க்கிறேன். சிகாகோவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிப் பழகியவர்கள் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டியபோது, சாப்பாட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமலே, நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பதினொரு மணிக்குக் கைபேசியைப் பார்த்துக்கொண்டே மிக்சர் சாப்பிடும் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி.

ஒல்லியாக இருப்பது ஒழுக்கச் சான்றிதழ் அன்று

இவ்வளவும் சொன்ன பிறகு, உடம்பு பெருத்தவர்களை யாரும் இதை வைத்துக் குறைத்துப் பேசிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், பரம்பரை, பிள்ளைப்பேறு என்று ஒருவர் கையில் இல்லாத காரணங்கள் பல உண்டு. இரண்டு வேலை பார்த்து ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு, ஏழரை மணிக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அளவெடுக்கும்போது கூனிக் குறுகி, எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள் என்று கேட்கும் பெண்களை என் மனைவி நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் எண்ணை அவர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை, எழுதிக்கொள்கிறார். அவமானம் யாரையும் மெலிய வைத்ததில்லை. அதேபோல், சாப்பாடு கிடைக்காமலும் இரத்தச் சோகையாலும் மெலிந்திருக்கும் பெண்ணை "நல்லா ஸ்லிம்மா இருக்கே" என்று பாராட்டுவது கொடுமை. அவளுக்கு இன்னும் சோறும் பருப்பும் முட்டையும் வேண்டும்.

இப்போது எடையைக் குறைக்கும் ஊசிகள் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. மருத்துவர் தேவை என்று சொல்பவர்களுக்கு அவை பெரிய உதவி, அதைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் செமாக்ளூடைடு ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த உடம்பு திரும்பிப் போவது அதே சமையலறைக்கும் அதே தெருவுக்கும்தான். அந்தச் சமையலறை மாறியிருக்க வேண்டும்.

ஒரு நூல் போதும்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நூலை எடுத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை உங்கள் உயரத்துக்கு அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூலைத் தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நல்லது. இடைவெளி இருந்தால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2022இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவுகோல். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. டேப் வேண்டாம், எடை மேடை வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம்.

வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் செய்து பாருங்கள், ஒருவரை மட்டும் நிறுத்தி அளக்காதீர்கள். இடைவெளி யாருக்கு இருந்தாலும், மாற வேண்டியது மொத்த வீட்டின் வழக்கம். அம்மாவுக்குத் தனியாக ஓட்ஸ் கஞ்சி, மற்றவர்களுக்குப் பூரி என்று பிரித்தால் அது ஒரு மாதம்கூட நிலைக்காது. சோறு ஒருமுறை, காய் இரு மடங்கு. பாக்கெட் பலகாரம் வாங்குவதில்லை. பக்கத்துக் கடைக்கு நடை. அளவாகத் தைத்த ஓர் உடை. இந்த நான்கில் ஒன்றை இந்த வாரம் தொடங்குங்கள், அது பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். எங்கள் நோட்டில் எண் ஏறாதவர்கள் இவற்றை ஒரே நாளில் கற்றவர்கள் இல்லை. பலர் தங்கள் தாயிடமிருந்து கற்றார்கள், தாய் அதைச் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை, அப்படிச் சமைத்தார், அப்படி நடந்தார். இன்று உங்கள் வீட்டில் வளரும் பிள்ளையும் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.